2 மீட்டர் டிஎன்ஏ உட்கருவுக்குள் எப்படி அடங்குகிறது? நியூக்ளியோசோமின் வேலை என்ன?

கேள்வி இதுதான்: ஒரு மனித செல்லில் உள்ள டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் 2 மீட்டர் வரும் என்கிறார்கள். உட்கருவின் குறுக்களவோ அதிகம் போனால் 10 மைக்ரோமீட்டர். இது அதற்குள் எப்படி அடங்குகிறது? நியூக்ளியோசோம் அதில் என்ன செய்கிறது? அவ்வளவு இறுக்கமாகச் சுற்றி வைத்துவிட்டால் மரபணுவைப் படிப்பது எப்படி?

கடைசிக் கேள்விதான் உண்மையில் முதல் கேள்வி என்பது என் கருத்து. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அந்த 2 மீட்டர் கணக்கைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம்.

கணக்கு சரியானதுதான். தாய்வழி, தந்தைவழி இரண்டையும் சேர்த்தால் ஒரு செல்லில் சுமார் 640 கோடி கார இணைகள் (டிஎன்ஏ என்ற முறுக்கேணியின் படிகள் இவை). ஓர் இணைக்கும் அடுத்ததற்கும் இடையே 0.34 நானோமீட்டர். பெருக்கினால் 2 மீட்டருக்குச் சற்று மேலே வரும். ஆனால் இந்த இழையின் தடிமன் வெறும் 2 நானோமீட்டர். நீளத்தையும் தடிமனையும் வைத்துக் கன அளவு போட்டுப் பாருங்கள்: 7 கன மைக்ரோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. 10 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள உட்கருவின் கன அளவு 500 கன மைக்ரோமீட்டருக்கும் அதிகம். அதாவது டிஎன்ஏ பிடிக்கும் இடம் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. 6 மைக்ரோமீட்டர் உட்கரு என்று வைத்துக்கொண்டாலும் நூற்றில் ஆறு பங்குதான். ஆக, இடம் போதாமல் திணறுகிறது என்ற படம் தவறு. இடம் தாராளமாக இருக்கிறது.

அப்படியானால் சிக்கல் எங்கே? டிஎன்ஏ விறைப்பானது. நம் கண்ணுக்கு அது தொய்வான இழைபோலத் தோன்றலாம். ஆனால் 50 நானோமீட்டர், அதாவது ஏறக்குறைய 150 கார இணை நீளத்துக்குள் அது கிட்டத்தட்ட நேராகவே இருக்கப் பார்க்கும். தவிர, ஒவ்வொரு கார இணைக்கும் இரண்டு பாஸ்பேட் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் ஓர் எதிர்மின் சுமை. 640 கோடி இணைகள் என்றால் 1,280 கோடி எதிர்மின் சுமைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட ஒன்றைச் சும்மா விட்டால் அது தானாகச் சுருண்டு ஒழுங்காக உட்காராது. அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது: சுருட்டி வைத்தபின் தேவையான பகுதியை மட்டும், தேவையான நேரத்தில், சிக்கல் விழாமல் திறக்க வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து உயிரினங்கள் கண்ட வழிதான் நியூக்ளியோசோம்.

அமைப்பு இப்படி. நடுவில் எட்டுப் புரதங்கள் சேர்ந்த ஓர் உருளை. எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்று நான்கு வகை ஹிஸ்டோன்கள், வகைக்கு இரண்டு. இரண்டு எச்3, இரண்டு எச்4 சேர்ந்த நால்வர் குழு முதலில் டிஎன்ஏவில் உட்காரும். எச்2ஏ–எச்2பி ஜோடிகள் இரண்டும் பிறகு இரு பக்கமும் வந்து ஒட்டும். பிரிக்கும்போது இதற்கு நேர் எதிர் வரிசை. இந்த வரிசை சும்மா ஒரு விவரம் அல்ல, பின்னால் தேவைப்படும்.

இந்த உருளையின் மேல் 147 கார இணை நீளமுள்ள டிஎன்ஏ, இடப்புறச் சுழலாக, ஏறக்குறைய 1.65 சுற்று சுற்றியிருக்கும். மொத்தத்தில் சுமார் 11 நானோமீட்டர் குறுக்களவும் 5.5 நானோமீட்டர் உயரமும் கொண்ட ஒரு தட்டையான வட்டு. 147 இணை என்பது கிட்டத்தட்ட 50 நானோமீட்டர் நீளம் என்பதைக் கவனியுங்கள். எந்த நீளத்துக்குள் டிஎன்ஏ நேராக நிற்கப் பார்க்கும் என்றேனோ, அதே நீளம் இங்கே ஒன்றரைச் சுற்றுக்கும் மேல் வளைக்கப்பட்டிருக்கிறது. பாடநூல்கள் எல்லாம் நூல்கண்டில் நூல் சுற்றியதுபோல என்று எழுதுகின்றன. நூல் தானாக வளையும். டிஎன்ஏவை வளைக்க ஆற்றல் செலவாகும். அந்த ஒப்புமை மறைத்துவிடும் விஷயம் இதுதான்.

அந்தச் செலவை ஈடுகட்டுவது ஹிஸ்டோன்களின் நேர்மின் சுமை. லைசின், அர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் இவற்றில் நிறைய. டிஎன்ஏ சுருளில் ஓடும் இரண்டு பள்ளங்களில் குறுகலான சிறுபள்ளம் ஏறக்குறைய பத்து கார இணைக்கு ஒரு முறை உருளையைப் பார்த்துத் திரும்பும். அப்படி 14 இடங்கள். அந்த 14 இடங்களிலும் ஓர் அர்ஜினின் பள்ளத்துக்குள் நுழைந்து பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு பிடியும் தனியாக வலுவில்லாதது. பதினான்கும் சேர்ந்தால்தான் உறுதி. முழுவதையும் பிடுங்குவது கடினம், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரிப்பது எளிது என்ற பண்பு இங்கிருந்துதான் வருகிறது.

இந்தத் தொடர்புகளில் பெரும்பாலானவை டிஎன்ஏவின் முதுகெலும்பான சர்க்கரை–பாஸ்பேட் பகுதியோடுதான். கார வரிசையை ஹிஸ்டோன்கள் படிப்பதில்லை. அதனால்தான் எந்த வரிசையின்மேலும் நியூக்ளியோசோம் உட்கார முடிகிறது. முழுக்க அலட்சியம் என்றும் சொல்ல முடியாது. சில வரிசைகள் எளிதாக வளையும். அடினைன், தைமின் என்ற காரங்களின் இணைகள் பத்து இணைக்கு ஒரு முறை உருளைப் பக்கமாக வந்தால் அங்கே நன்றாகப் பொருந்தும். அடினைன் மட்டுமே நீளமாகத் தொடர்ந்து வரும் பகுதி விறைப்பானது, அங்கே நியூக்ளியோசோம் உட்காரத் தயங்கும். ஈஸ்ட் தன் மரபணுக்களின் தொடக்கப் பகுதியைத் திறந்து வைத்துக்கொள்ள இந்தத் தந்திரத்தை நன்றாகவே பயன்படுத்துகிறது.

எட்டுப் புரதங்களின் நேர்மின் சுமையை எல்லாம் கூட்டினாலும், சுற்றியுள்ள டிஎன்ஏவின் எதிர்மின் சுமையில் பாதியைத்தான் அது ஈடுசெய்யும். மீதியை எச்1 என்ற ஐந்தாவது ஹிஸ்டோன், மெக்னீசிய அயனிகள், நேர்மின் சுமையுள்ள சிறு மூலக்கூறுகளான பாலிஅமைன்கள் ஆகியவை பார்த்துக்கொள்கின்றன. எச்1 உருளையின் பகுதி அல்ல. டிஎன்ஏ உள்ளே நுழைந்து வெளியேறும் இடத்தில் உட்கார்ந்து, கூடுதலாக இருபது இணைகளையும் சேர்த்துப் பிடிக்கும். அடுத்தடுத்த நியூக்ளியோசோம்களுக்கு இடையே இணைப்பு டிஎன்ஏ இருக்கும். அதன் நீளம் உயிரினத்துக்கு உயிரினம், செல்லுக்குச் செல் மாறும். சராசரியாக 200 இணைக்கு ஒரு நியூக்ளியோசோம் என்று வைத்தால் ஒரு மனித செல்லில் சுமார் 3 கோடி.

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த கதை. ஹிஸ்டோன்கள் ஒன்றும் புதியவை அல்ல; ஆல்பிரெக்ட் காசெல் 1884இலேயே கூஸ் எனும் பெரிய வாத்தின் சிவப்பணுக்களிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்துவிட்டார். ஆனால் அதன்பின் ஏறக்குறைய 90 ஆண்டுகள், ஹிஸ்டோன்கள் டிஎன்ஏவின் வெளிப்புறத்தைப் பூசியதுபோல மூடியிருக்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1973இல் ஆஸ்திரேலியாவில் ஹியூவிஷ், பர்கோய்ன் என்ற இருவர், எலியின் கல்லீரல் உட்கருவில் ஏற்கெனவே இருக்கும் வெட்டு நொதியையே குரோமாட்டினை, அதாவது டிஎன்ஏவும் ஹிஸ்டோன்களும் சேர்ந்த இழையை, வெட்ட விட்டார்கள். பூச்சுபோல மூடியிருந்தால் எங்கே வேண்டுமானாலும் வெட்டு விழுந்து, எல்லா நீளத்திலும் துண்டுகள் கலந்து கிடக்க வேண்டும். கிடைத்ததோ ஏணிப்படிபோல ஒழுங்கான வரிசை: ஒரு குறிப்பிட்ட நீளம், அதன் இரு மடங்கு, மும்மடங்கு. ஏதோ ஒன்று சீரான இடைவெளியில் டிஎன்ஏவைக் காக்கிறது, இடைப்பட்ட பகுதி மட்டும் வெட்டுக்குக் கிடைக்கிறது என்பதே இதற்குப் பொருள்.

அதே சமயத்தில் கேம்பிரிட்ஜில் ரோஜர் கோர்ன்பெர்க்கும் ஜீன் தாமஸும் எச்3, எச்4 இரண்டும் கரைசலில் நால்வர் குழுவாகச் சேர்ந்திருப்பதைக் கண்டார்கள். பூச்சு வேலை செய்யும் புரதத்துக்கு இப்படிக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கூட்டு சேர வேண்டிய அவசியம் இல்லை. கோர்ன்பெர்க் இந்தத் துப்புகளை இணைத்து, எட்டு ஹிஸ்டோன்கள், சுமார் 200 கார இணைகள், இதுவே திரும்பத் திரும்ப வரும் அலகு என்று 1974இல் எழுதினார். அதே ஆண்டு ஏடா ஒலின்ஸ், டொனால்ட் ஒலின்ஸ் தம்பதி மின்னணு நுண்ணோக்கியில் மணிமாலை போன்ற படத்தை வெளியிட்டார்கள். புரதத்தைச் சுற்றி டிஎன்ஏ, டிஎன்ஏவைச் சுற்றிப் புரதம் அல்ல என்பது உறுதியானது. எந்த அணு எங்கே என்று தெரிய மேலும் 23 ஆண்டுகள் ஆயின: 1997இல் கரோலின் லூகர், திமோத்தி ரிச்மண்ட் குழு 0.28 நானோமீட்டர் நுணுக்கத்தில் படிக அமைப்பை வெளியிட்டது. மேலே நான் சொன்ன அந்த 14 பிடிகளும் அதிலிருந்து தெரியவந்தவைதான்.

சரி, இதனால் எவ்வளவு சுருங்குகிறது? பலர் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக. 200 இணை, அதாவது 68 நானோமீட்டர் நீளம், 11 நானோமீட்டர் வட்டு ஒன்றில் அடங்குகிறது. ஆறேழு மடங்கு, அவ்வளவுதான். செல் பிரியும்போது நாம் பார்க்கும் குரோமோசோமில் சுருக்கம் ஏறக்குறைய 10,000 மடங்கு. நடுவே உள்ள இடைவெளியை நிரப்புவது வேறு வேலைகள்: கொஹீசின், கண்டென்சின் போன்ற புரத வளையங்கள் இழையை இழுத்துக் கண்ணிகளாக்குகின்றன, அந்தக் கண்ணிகள் மேலும் நெருங்குகின்றன.

இங்கே பாடநூல்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நியூக்ளியோசோம்கள் அழகாகச் சுருண்டு 30 நானோமீட்டர் தடிமன் கொண்ட நாராகும், அது மேலும் சுருண்டு இன்னும் தடித்த நாராகும் என்று படிப்படியாக வரைந்திருப்பார்கள். சோதனைக் குழாயில், குறிப்பிட்ட உப்புச் செறிவில், 30 நானோமீட்டர் நார் உண்மையிலேயே உருவாகிறது. 1976இலேயே ஃபிஞ்சும் குளூக்கும் அதற்கு ஒரு மாதிரி கொடுத்தார்கள். ஆனால் உயிருள்ள செல்லின் உட்கருவில் அதைத் தேடியவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை. 2017இல் மனித செல்களில் குரோமாட்டினை நேரடியாகப் படமெடுத்தபோது தெரிந்தது, 5 முதல் 24 நானோமீட்டர் வரை தடிமன் மாறும் ஒழுங்கற்ற சங்கிலிகள்தான். பிரியும் குரோமோசோமிலும் அதே சங்கிலிதான், நெருக்கம் மட்டும் கூடுதல். கோழியின் சிவப்பணு போன்ற, மரபணுக்களை ஏறக்குறைய ஓய்வில் வைத்துவிட்ட செல்களில் 30 நானோமீட்டர் நார் தென்படுவதுண்டு. ஆகவே அந்தப் படத்தைத் தேர்வில் வரையுங்கள், மனதில் மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முதல் பத்தியில் இருந்த கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இறுக்கிச் சுற்றியதை எப்படிப் படிப்பது?

நியூக்ளியோசோம் உண்மையிலேயே தடைதான். 1987இல் கோர்ன்பெர்க்கின் குழு, படியெடுத்தல் (மரபணுவை ஆர்என்ஏவாக நகலெடுப்பது) தொடங்கும் இடத்தில் நியூக்ளியோசோம் உட்கார்ந்திருந்தால், அந்த வேலையைச் செய்யும் பாலிமரேஸ் நொதியால் வேலையைத் தொடங்க முடியவில்லை என்று சோதனைக் குழாயில் காட்டியது. செல்லுக்குள்ளும் அப்படித்தானா? அடுத்த ஆண்டே மைக்கேல் கிரன்ஸ்டீனின் ஆய்வகம் ஈஸ்டில் எச்4 உற்பத்தியை நிறுத்திப் பார்த்தது. நியூக்ளியோசோம்கள் குறைந்தன; உடனே, இயக்கும் சமிக்ஞை எதுவும் இல்லாமலேயே, அடங்கிக் கிடந்த மரபணுக்கள் சில தாமாக வேலை செய்யத் தொடங்கின. எனக்கு இந்தத் துறையில் மிக முக்கியமான சோதனை இதுதான். ஹிஸ்டோன் வெறும் பொட்டலம் கட்டும் பொருளாக இருந்தால், அதைக் குறைக்கும்போது பொட்டலம் தளர்வதோடு விஷயம் முடிந்திருக்கும். இங்கே மரபணுவே இயங்கிவிட்டது. அதாவது நம் மரபணுக்களின் இயல்பு நிலை “மூடியது”; திறப்பதற்குத்தான் ஒரு காரணம் வேண்டும். பாக்டீரியாவில் பொதுவாக இதற்கு நேர்மாறு: அங்கே டிஎன்ஏ ஏறக்குறைய திறந்தே கிடக்கும், மூடுவதற்குத்தான் தனிப் புரதம் வேண்டும்.

திறப்பது பல வழிகளில் நடக்கிறது. முதல் வழிக்கு யார் உதவியும் வேண்டாம். ஓரத்திலிருந்து உரிப்பது எளிது என்றேன் அல்லவா? வெப்ப அதிர்வினாலேயே அது நடந்துகொண்டிருக்கிறது. 2005இல் வெளியான ஓர் அளவீட்டின்படி, ஓரத்து டிஎன்ஏ கால் விநாடி சுற்றியிருக்கும், பிறகு 10 முதல் 50 மில்லிவிநாடி பிரிந்து நிற்கும், மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சிறு இடைவெளியில் ஒரு புரதம் வந்து தன் வரிசையைப் பிடித்துவிட முடியும். ஆனால் நடுப்பகுதி இப்படித் திறப்பது மிக அரிது. எனவே ஒரு கட்டுப்பாட்டு வரிசை நியூக்ளியோசோமின் ஓரத்தில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்பதே பெரிய வித்தியாசத்தை உண்டாக்கிவிடும். ஃபாக்ஸ்ஏ போன்ற சில முன்னோடிப் புரதங்கள் மட்டும் சுற்றியிருக்கும் நிலையிலேயே தங்கள் வரிசையை அடையாளம் கண்டு ஒட்டும். ஒரு செல் கல்லீரல் செல்லாக மாறும் வழியில் முதலில் வந்து கதவைத் தட்டுபவை இவைதான்.

இரண்டாவது, செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து நியூக்ளியோசோமை நகர்த்தும், கழற்றும், மாற்றும் இயந்திரங்கள். எஸ்டபிள்யூஐ/எஸ்என்எஃப், ஐஎஸ்டபிள்யூஐ, சிஎச்டி, ஐஎன்ஓ80 என்று நான்கு குடும்பங்கள். இவை டிஎன்ஏவைச் சிறுகச் சிறுகத் தள்ளி உருளையைச் சறுக்க வைக்கின்றன. எல்லாமே திறப்பவை என்று நினைத்துவிட வேண்டாம். ஐஎஸ்டபிள்யூஐ வகை பெரும்பாலும் சீரான இடைவெளியில் அடுக்கி வைக்கும் வேலை செய்கிறது. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் எஸ்டபிள்யூஐ/எஸ்என்எஃப் குடும்பத்தின் ஏதாவது ஒரு கூறில் பிறழ்வு காணப்படுகிறது. இந்தச் சறுக்கல் வேலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதுவே போதும்.

மூன்றாவது, ஹிஸ்டோன்களின் வால்கள். உருளையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நிலையான வடிவம் இல்லாத பகுதிகள் இவை. எச்4இன் வால் அருகிலுள்ள நியூக்ளியோசோமின் எச்2ஏ–எச்2பி மேற்பரப்பில் இருக்கும் எதிர்மின் திட்டு ஒன்றில் ஒட்டும்; அப்படித்தான் அடுத்தடுத்த வட்டுகள் நெருங்குகின்றன. அந்த வாலின் 16ஆவது லைசினில் ஓர் அசிட்டைல் தொகுதியைச் சேர்த்தால் நேர்மின் சுமை போய்விடும், நெருக்கமும் தளரும். அசிட்டைல் சேர்வதற்கும் மரபணு இயங்குவதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று வின்சென்ட் ஆல்ஃப்ரி 1964இலேயே சொல்லிவிட்டார். ஆனால் 1996இல் டேவிட் ஆலிஸ் ஆய்வகம், அசிட்டைல் சேர்க்கும் நொதி என்பது ஈஸ்டில் ஏற்கெனவே மரபணுவை இயக்குவதாகத் தெரிந்திருந்த ஜிசிஎன்5 புரதத்தின் உறவினர்தான் என்று காட்டும்வரை அதைப் பலர் பொருட்படுத்தவில்லை. மெத்தில் தொகுதி வேறு கதை. அது மின் சுமையை மாற்றாது. வேறு புரதங்கள் வந்து ஒட்டும் இடமாகப் பயன்படுகிறது. எச்3இன் 9ஆவது லைசினில் மூன்று மெத்தில் இருந்தால் எச்பி1 புரதம் வந்து அந்தப் பகுதியை மூடி வைக்கும். 4ஆவது லைசினில் இருந்தால் அது பெரும்பாலும் இயங்கும் மரபணுவின் தொடக்கம். இந்தக் குறிகளை எல்லாம் சேர்த்து ஒரு “ரகசிய மொழி” என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது மிகை என்று நினைக்கிறேன். பல குறிகள் இயக்கத்தின் காரணம் அல்ல, விளைவு. பாலிமரேஸ் கடந்துபோகும்போது கூடவே வரும் நொதிகள் விட்டுச் செல்லும் தடம்.

அப்புறம், இயங்கும் மரபணுவில் நியூக்ளியோசோமே இருக்காது என்று ஓர் எண்ணம் உண்டு. தொடக்கப் பகுதியில் மட்டும்தான் அப்படி ஒரு வெற்றிடம் இருக்கும். மரபணுவின் உடல் முழுக்க நியூக்ளியோசோம்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், பாலிமரேஸ் அவற்றின் ஊடாகவே ஓடும். எச்2ஏ–எச்2பி ஜோடிதான் முதலில் கழலும் என்றேனே, அதுதான் இங்கே உதவுகிறது: முன்னால் ஒரு ஜோடி தற்காலிகமாகக் கழன்று வழிவிடும், பாலிமரேஸ் போனபின் திரும்பப் பொருத்தப்படும். ஃபாக்ட் என்ற துணைப்புரதக் கூட்டு இந்த வேலையில் ஈடுபடுகிறது. நால்வர் குழு பெரும்பாலும் டிஎன்ஏவை விட்டு முழுதாகப் போவதில்லை.

செல் இரட்டிப்பாகும்போது வேலை இன்னும் கடுமை. டிஎன்ஏ நகலாகும் கட்டம் மனித செல்லில் சுமார் 8 மணி நேரம். அதற்குள் 3 கோடி புதிய நியூக்ளியோசோம்கள் வேண்டும். விநாடிக்கு ஏறக்குறைய 1,000. அதனால்தான் ஹிஸ்டோன் மரபணுக்கள் பல பிரதிகளாக வைக்கப்பட்டு, அந்தக் கட்டத்தில் மட்டும் முழு வேகத்தில் இயங்குகின்றன. பழைய எச்3–எச்4 குழுக்கள் இரண்டு புதிய இழைகளுக்கும் பகிர்ந்து போகும். அவற்றின் மேல் இருந்த குறிகளும் கூடவே போகும். இடைவெளிகளைப் புதியவை நிரப்பும்.

எல்லா நியூக்ளியோசோமும் ஒரே மாதிரி அல்ல என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எச்3க்குப் பதிலாக சென்ப்–ஏ என்ற மாற்று ஹிஸ்டோன் இருந்தால் அந்த இடம் குரோமோசோமின் சென்ட்ரோமியர், அதாவது செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடம். எச்2ஏவின் மாற்று வடிவமான எச்2ஏ.எக்ஸ் என்ற வகையில், டிஎன்ஏ இரு இழையும் அறுந்த இடத்தைச் சுற்றிப் பாஸ்பேட் சேர்ந்து, பழுதுபார்க்கும் புரதங்களை வரவழைக்கும். இன்னொரு பக்கம், எச்4 போன்றவை பரிணாமத்தில் கிட்டத்தட்ட மாறவே இல்லை: கன்றின் எச்4க்கும் பட்டாணியின் எச்4க்கும் 102 அமினோ அமிலங்களில் வேறுபாடு இரண்டே இரண்டு. ஏறக்குறைய ஒவ்வொரு அமினோ அமிலமும் ஏதாவது ஒன்றைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது எதை மாற்றுவது?

சுருக்குவது மட்டுமே நோக்கம் என்றால் நியூக்ளியோசோம் சிறந்த வழியே அல்ல என்பதற்கு விந்தணு சாட்சி. அங்கே ஹிஸ்டோன்களில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, அர்ஜினின் நிறைந்த புரோட்டமின் என்ற சிறு புரதங்கள் டிஎன்ஏவை இன்னும் இறுக்கமாக அடைக்கின்றன. அந்த நிலையில் மரபணு எதையும் படிக்க முடியாது, விந்தணுவுக்குப் படிக்க வேண்டிய தேவையும் இல்லை. கருவுற்றதும் புரோட்டமின் கழற்றப்பட்டு மீண்டும் ஹிஸ்டோன்கள் ஏற்றப்படும்.

கடைசியாக ஒரு நடைமுறைப் பயன். செல்கள் இறக்கும்போது அவற்றின் நொதிகள் டிஎன்ஏவை நியூக்ளியோசோம்களுக்கு இடையே வெட்டுகின்றன, 1973இன் அந்த எலிக் கல்லீரலில் நடந்ததுபோலவே. அந்தத் துண்டுகளில் கொஞ்சம் ரத்தத்தில் மிதக்கும். அவற்றின் நீளம் பெரும்பாலும் 167 இணைக்கு அருகில். 147உடன் எச்1 பிடிக்கும் இருபதைக் கூட்டிப் பாருங்கள். கர்ப்பிணியின் ரத்தத்தில் கருவின் டிஎன்ஏ இருப்பதை டென்னிஸ் லோ குழு 1997இல் காட்டியது. இன்று குரோமோசோம் குறைபாடுகளுக்கான ரத்தப் பரிசோதனை அதன்மீதுதான் நிற்கிறது. கருவின் துண்டுகள் தாயின் துண்டுகளைவிடச் சற்றுக் குட்டையானவை. எந்தெந்த இடத்தில் நியூக்ளியோசோம் உட்கார்ந்திருந்தது என்பது துண்டுகளின் முனைகளில் தெரியும். அது திசுவுக்குத் திசு மாறுவதால், மிதக்கும் டிஎன்ஏ எந்த உறுப்பின் செல்லிலிருந்து வந்தது என்று கணிக்கும் முறைகளும் வந்துவிட்டன. புற்றுநோயை ரத்தத்தில் முன்கூட்டியே தேடும் ஆய்வுகளில் ஒரு பகுதி இந்த வழியில்தான் போகிறது.